இரும்பு மாத்திரையும் காலைக் கடனும்

1909-ஆம் வருடம் ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி சாகிப்கஞ்ச் கோட்ட ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கப் போனதையும், அதற்குள் கார்டு விசில் ஊதி வண்டி கிளம்பிவிட்டதையும், ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்ததையும் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருந்தார். ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்த கதையைப் பேசும்போது இந்தக் கடிதத்தைச் சொல்லாத ரயில்வேக்காரர் இல்லை.

வயிற்றுச் சங்கதியை வாய்விட்டுச் சொன்னால்தான் வழி பிறக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் வீடுகளில் அதை வாய்விட்டுச் சொல்லாதவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் கர்ப்பிணிப் பெண்கள். வாந்தி என்றால் சொல்வார்கள், இடுப்பு வலி என்றால் சொல்வார்கள். நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஊரில் இருந்தால் அம்மாவோ அத்தையோ முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவார்கள். நாக்பூர் போன்ற ஊர்களில் வேலை நிமித்தம் குடியிருக்கும் இளம் தம்பதிகளுக்கு அந்த வசதி இல்லை. எனவே இந்தப் பாடம் கர்ப்பிணிகளுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய கணவன்மாருக்கும், என்னைப் போன்ற அப்பாக்களுக்கும், மாமனார்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன். டாக்டர்கள் சொன்னதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் எளிமையாகத் தருகிறேன். மருந்து என்று வரும் இடத்தில் உங்கள் டாக்டர் சொல்லே முடிவு.

ஏன் இது சின்ன விஷயம் அல்ல

மலச்சிக்கல் கர்ப்பிணிக்குத் தொல்லைதான், ஆபத்து அல்ல என்று நினைக்கிறோம். ஆபத்து வேறு வழியாக வருகிறது. இரும்புச் சத்து மாத்திரை போட்டால் மலம் இறுகும் என்று கண்டதும் பெண்கள் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள்.

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்த சோகை. கர்ப்ப காலத்தில் 180 நாளும் இரும்பு மாத்திரை சாப்பிட்ட தாய்மார் 100-க்கு 26 பேர்தான். நிறுத்துவதற்குக் காரணங்கள் பல உண்டு. வயிற்றுத் தொல்லை அவற்றில் முக்கியமான ஒன்று. ரத்த சோகை இருந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், மாதம் நிரம்பும் முன்பே பிறக்கலாம். பிரசவத்தில் ரத்தம் சற்று அதிகமாகப் போனாலும் தாயின் உடம்பு தாங்காது.

என் மகள் முதல் பிரசவத்துக்காக ஏழாம் மாதம் புனேயிலிருந்து இங்கே வந்தாள். வந்த வாரமே ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்த சோகைதான். மாத்திரைதான் சாப்பிடுகிறாளே, பிறகு ஏன் என்று அவளுடைய மருந்துப் பையை எடுத்து அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் காலியாகியிருந்தது. என் மனைவி தனியாக அழைத்துப் போய்க் கேட்டாள். “மாத்திரை போட்டா நாலு நாளைக்கு வெளியே போகமாட்டேங்குதும்மா. யார்கிட்ட சொல்றது? அதான் நிறுத்திட்டேன்” என்றாளாம்.

டாக்டரம்மா திட்டவில்லை. “இதைச் சொல்லாமல் நிறுத்துபவர்கள்தான் அதிகம். இரும்பை நிறுத்தாதே, மலச்சிக்கலைச் சரி செய்” என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு ஒழுங்கு சொன்னார். ஆறு வாரத்தில் 10.8 ஆனது. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் சாரம்.

உள்ளே என்ன நடக்கிறது

கர்ப்பம் தரித்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெருகுகிறது. கர்ப்பப்பை இறுகிச் சுருங்கிவிடாமல் அதைத் தளர்வாக வைத்திருப்பது இதன் வேலை. ஆனால் கர்ப்பப்பையின் தசையைத் தளர்த்தும் அதே ஹார்மோன் குடலின் தசையையும் தளர்த்துகிறது. உணவைத் தள்ளும் அசைவு மந்தமாகிறது.

யார்டில் வேகன்கள் உரிய நேரத்துக்கு மேல் நின்றால் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். குடலிலும் அதே கதைதான். பெருங்குடலுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நீர்மம் வந்து சேருகிறது. அதில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிக்கொள்ள, மலத்தோடு வெளியேறும் நீர் 100, 200 மில்லிதான். சரக்கு நிற்கும் நேரம் கூடக்கூட, உறிஞ்சப்படும் நீரும் கூடும். எஞ்சுவது கட்டியாக இறுகிவிடும். கடைசி மாதங்களில் வளர்ந்த கர்ப்பப்பை மலக்குடலை அழுத்துவதும் சேர்ந்துகொள்கிறது.

ஆக, இது அந்தப் பெண்ணின் சோம்பலோ, சாப்பாட்டுக் குற்றமோ அல்ல. குழந்தையைக் காக்க உடம்பு செய்த ஏற்பாட்டின் பக்க விளைவு.

தினமும் போகாவிட்டாலே மலச்சிக்கல் என்று பயப்படவும் வேண்டாம். வாரத்தில் மூன்று முறைக்குக் குறைவாகப் போவது, கட்டியாகப் போவது, முக்க வேண்டியிருப்பது, போன பிறகும் பாக்கி இருப்பதுபோல் தோன்றுவது இவைதான் அடையாளம். முக்கினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சில பெண்கள் அஞ்சி அடக்குகிறார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதிகம் முக்கினால் தாய்க்கு மூலமும் ஆசனவாய் வெடிப்பும் வரும். அந்த வலிக்குப் பயந்து மறுபடியும் அடக்கினால் சிக்கல் இன்னும் இறுகும்.

இரும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது

2018-இல் தொடங்கிய ரத்த சோகை ஒழிப்புத் திட்டத்தின்படி கர்ப்பிணிக்குத் தரப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். ரத்த சோகை இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார்.

மாத்திரையில் உள்ள இரும்பில் ஒரு சிறு பகுதியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது. மிச்சம் குடலில் தங்குகிறது. மலம் கறுப்பாகப் போவது இதனால்தான், பயப்பட வேண்டாம். மலம் இறுகுவதற்கும் இதில் பங்கு உண்டு. கவனிக்க வேண்டியவை:

1. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேராமல் குடலிலேயே கிடக்கும்.

2. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், ஆரஞ்சு, கொய்யா இவற்றில் ஒன்றோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். நாக்பூரில் இருந்துகொண்டு ஆரஞ்சுக்குப் பஞ்சமா?

3. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போடலாம்.

4. எப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வகை இரும்பு தருவார், அளவை மாற்றுவார். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியாக ஊசியாகவும் ஏற்றுவார். வழிகள் பல இருக்க, சொல்லாமல் நிறுத்துவது ஒன்றுதான் தவறு.

நார்ச்சத்துக் கணக்கு

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையிலிருந்து, 100 கிராமுக்கு எவ்வளவு நார் என்பதை ஏறத்தாழத் தருகிறேன்:

பட்டை தீட்டிய பச்சரிசி – 3 கிராம்
மைதா – 3 கிராம்
சலிக்காத கோதுமை மாவு – 11 கிராம்
ஜோவார் என்னும் சோளம் – 10 கிராம்
கேழ்வரகு – 11 கிராம்
முழுப் பச்சைப்பயறு – 17 கிராம்
முழுக் கொண்டைக்கடலை – 25 கிராம்
முருங்கைக் கீரை – 8 கிராம்
கொய்யாப்பழம் – 8 கிராம்

மூன்று வேளையும் இட்லி, சாதம், தயிர் சாதம் என்று வெள்ளை அரிசியிலேயே ஓடினால் கணக்கு 10 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். முழுக்க மாற்ற வேண்டியதில்லை. மதியம் 100 கிராம் அரிசிச் சாதம், இரவு 100 கிராம் சோள மாவில் பாக்ரி, நடுவில் 100 கிராம் கொய்யா, மாலையில் 30 கிராம் பச்சைப்பயறு சுண்டல், இரண்டு வேளையும் கீரை, காய்கறி என்று வைத்தால் 30-ஐத் தொட்டுவிடும். பாக்ரி, மட்கி உசல், மேத்தி, பாலக், அம்பாடி எல்லாம் இந்த ஊர்க் கடைத்தெருவில் கிடைப்பவைதான். மட்கி என்பது நம் நரிப்பயறு, அம்பாடி நம் புளிச்சக்கீரைதான். காலையில் தினமும் போஹா சாப்பிடும் வழக்கம் இருந்தால், அதில் பட்டாணியும் காய்கறியும் அள்ளிப் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கர்ப்ப கால நீரிழிவு இருப்பவர்கள் பழச்சாறு, பேரீச்சை, உலர்திராட்சை விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழத்தைச் சாறு பிழிந்தால் நாரும் போய்விடும்; முழுப் பழமாகச் சாப்பிடுவதே நல்லது.

நன்றாகப் பழுத்த பப்பாளி கெடுதல் அல்ல. காயும் அதன் பாலும்தான் கூடாது. வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதற்காகச் சண்டை வேண்டாம். கொய்யா இருக்கிறது.

தண்ணீர்

தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் கூடவே செய்யும். நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர், அதாவது எட்டு முதல் பத்து டம்ளர் வேண்டும். விதர்பாவின் மே மாத வெயிலில் இன்னும் அதிகம். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறதே என்று பல பெண்கள் தண்ணீரைக் குறைக்கிறார்கள். அலுவலகத்தில் கழிப்பறை சரியில்லை என்பதற்காகவும் குறைக்கிறார்கள். இதனால் மலச்சிக்கலோடு சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும். பகலில் அதிகமாகவும், இரவு எட்டு மணிக்கு மேல் குறைவாகவும் குடித்தால் தூக்கம் கெடாது.

நேரமும் இடமும்

வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். இது இயற்கை வைத்த சிக்னல். காலைச் சிற்றுண்டிக்குப் பின் பதினைந்து இருபது நிமிடத்தில் இந்த அசைவு வலுவாக இருக்கும். ஆனால் நம் வீடுகளில் அந்த நேரம்தான் பெண்கள் டிபன் கட்டிக்கொண்டிருப்பார்கள், ஆண்கள் பேப்பரோடு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் காலை ஏழே முக்கால் முதல் எட்டேகால் வரை கர்ப்பிணிக்கு என்று விட்டுவிடுங்கள். அந்த அரை மணி நேரம் அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். எந்த மருந்தை விடவும் இது பெரிய உதவி.

வெஸ்டர்ன் கழிப்பறையானால் காலுக்குக் கீழே எட்டு, ஒன்பது அங்குல உயரத்துக்குச் சின்ன முக்காலி வையுங்கள். முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி முன்புறம் சாய்ந்து உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகி, முக்காமல் போகும். இந்திய முறைக் கழிப்பறை இதற்கு உகந்ததுதான். ஆனால் மாதம் ஏறினால் எழுந்திருக்கச் சிரமம். சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று பொருத்துங்கள். தரை வழுக்காமல் இருக்கட்டும்.

ஒரு நாள் டைம்டேபிள்

காலை 6.00 – வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்றிரண்டு டம்ளர்.
6.30 – காபி. நாளுக்கு இரண்டு சிறு டம்ளருக்கு மேல் வேண்டாம்.
7.30 – கேழ்வரகு தோசை, பச்சைப்பயறு தோசை, காய்கறி போட்ட கோதுமை ரவை உப்புமா இவற்றில் ஒன்று. கால்சியம் மாத்திரை.
7.45 – கழிப்பறை. வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் போதும்.
10.30 – கொய்யா அல்லது ஆரஞ்சு, தண்ணீர்.
1.00 – சாதம், கீரை, கூட்டு, பொரியல், மோர். இரண்டாவது கால்சியம்.
4.00 – சுண்டல், தண்ணீர்.
5.30 – அரை மணி நடை. டாக்டர் ஓய்வு சொல்லியிருந்தால் வேண்டாம்.
6.15 – டாக்டர் சொல்லியிருந்தால் இசப்கோல்.
7.30 – பாக்ரி அல்லது சப்பாத்தி, பருப்பு, காய்கறி.
9.30 – இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு.

எந்த மருந்து, எது கூடாது

உணவிலும் தண்ணீரிலும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டர்கள் முதலில் சொல்வது இசப்கோல். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு விதையின் உமி இது. குஜராத்தின் ஊஞ்சா சந்தை இதற்குப் பேர்போனது. ரத்தத்தில் கலக்காது, தண்ணீரை உறிஞ்சி மலத்தை இளக்குவதோடு சரி. ஒன்றிரண்டு டீஸ்பூனை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். அடுத்ததாக லாக்டுலோஸ் என்ற சிரப். இதையும் கர்ப்பிணிகளுக்குத் தருகிறார்கள்.

விளக்கெண்ணெய் கூடவே கூடாது. பாட்டி காலத்துக் கைமருந்துதான், ஆனால் அது குடலை மட்டுமல்ல, கர்ப்பப்பையையும் தூண்டிச் சுருங்க வைக்கும். நிலாவாரை, கடுக்காய் கலந்த சூரணங்கள், கடையில் கேட்டு வாங்கும் பேதி மாத்திரை, சோப்புத் தண்ணீர் எனிமா இவற்றையும் தானாகச் செய்யாதீர்கள். லிக்விட் பாரஃபினைத் தொடர்ந்து சாப்பிட்டால் சில வைட்டமின்கள் உடம்பில் சேராமல் போகும்.

ஊருக்குப் போகும்போது

வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் ஊர்ப் பயணம் நமக்குத் தவிர்க்க முடியாதது. டெல்லிப் பக்கத்திலிருந்து சென்னை என்றால் ஒன்றரை நாள் ஆகும். ரயில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே போய்ச் சேரும் பெண்கள் ஊர் போனபின் ஒரு வாரம் அவதிப்படுகிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். பூரி, பிரட் வேண்டாம். சப்பாத்தி, சுண்டல், பழம் கட்டிக்கொள்ளுங்கள். சோப்பு, டிஷ்யூ பேப்பர், ஒரு சின்ன மக்கு கையோடு இருக்கட்டும். வண்டி ஆடும் என்பதால் கழிப்பறை வாசல் வரை துணைக்கு ஒருவர் போக வேண்டும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்

வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தால் அதை மலச்சிக்கல் என்று எண்ணி வீட்டில் இருக்காதீர்கள். குறை மாதப் பிரசவ வலியாகவும் இருக்கலாம். கடும் வயிற்று வலி, வாந்தியோடு வாயுகூடப் பிரியாத நிலை, காய்ச்சல், எந்த இடத்திலிருந்தானாலும் ரத்தப் போக்கு இவற்றுக்குத் தாமதம் கூடாது. என்ன செய்தும் மலச்சிக்கல் தீராவிட்டால் தைராய்டு குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூலம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலி குறையும்.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தையல் வலிக்குப் பயந்து அடக்குவதும், பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதும் சேர்ந்து சிக்கலை மறுபடி கொண்டுவரும். பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் இன்னும் அதிகம் தேவை. லேகியம் கொடுங்கள், பூண்டுக் குழம்பு வையுங்கள். ஆனால் தண்ணீர்ச் செம்பை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கீரையைச் சீக்கிரமே சேருங்கள். சிவப்பு மாத்திரை இன்னும் 180 நாள் பாக்கி இருக்கிறது.

சங்கத்தில் இளம் குடும்பங்களோடு பழகும் மூத்த சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்தால் “என்ன மாசம்மா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், தனியாக இருக்கும்போது “வயிறு சரியா போகுதா? மாத்திரை போடறியா?” என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். கணவன்மார் மாதம் ஒரு முறை மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அல்ல. எண்ணிக்கை குறைந்திருந்தால் அவளுக்கு ஏதோ தொல்லை இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டறிந்து டாக்டரிடம் அழைத்துப் போவது உங்கள் பொறுப்பு.